சிக் ரூம் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும்: ஒரு மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்னையின் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஒரு தனியார் பன்னாட்டுப் பள்ளியில் 2023 ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவனைப் பற்றியது இந்த ஆய்வு. நான் அவனுக்கு இரண்டு ஆண்டுகள் வகுப்பாசிரியையாக இருந்தேன். பள்ளி வழக்கில் ஹோம்ரூம் டீச்சர். அவனும் அவன் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டிருக்கிறேன். அவன் பெயரோ பள்ளியின் பெயரோ இதில் வராது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாணவனை யாரும் கைவிடவில்லை. நலம் பேணும் பொறுப்பில் இருந்தவர்கள் அவன் சுமையைக் குறைக்கப் பார்த்தார்கள். பாடம் நடத்தியவர்கள் அவனுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். இரு தரப்பும் தம் கடமையை மனமுவந்து செய்த முதல் நான்கு மாதங்களில்தான் அவன் நாளுக்கு நாள் ஒடுங்கிப்போனான். அவனைப் பற்றி எங்களிடம் இரண்டு பதிவேடுகள் இருந்தன. அவற்றை ஒன்றாக வைத்துப் படிக்க ஒருவரும் முன்வரவில்லை, நானும் முன்வரவில்லை. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. அவனோ தமிழில் கலங்கிக்கொண்டிருந்தான்.

நலம் பேணும் ஏற்பாடு

பாஸ்டரல் கேர் என்று பன்னாட்டுப் பள்ளிகள் சொல்வது, மாணவரின் மனநலம், உடல்நலம், நட்பு, வீட்டுச் சூழல், பாதுகாப்பு ஆகியவற்றைப் பாடத்துக்குச் சமமான பொறுப்பாகப் பள்ளி ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி மரபில் வளர்ந்த சொல் அது. பாஸ்டர் என்ற இலத்தீன் சொல்லுக்கு மேய்ப்பன் என்று பொருள். தமிழிலும் ஆயர் என்ற சொல் முல்லை நிலத்தில் மாடு மேய்ப்பவரையும் குறிக்கும், கிறித்தவ மறைமாவட்டத்தின் தலைவரையும் குறிக்கும் என்பதால், அந்தச் சொல்லின் பின்னால் உள்ள எண்ணம் நமக்கு அந்நியமானதன்று. எங்கள் பள்ளியில் காலையில் இருபது நிமிட ஹோம்ரூம் நேரம் உண்டு. வகுப்பாசிரியர், அவருக்கு மேல் அந்த வகுப்புகளுக்கான ஒருங்கிணைப்பாளர், முழுநேர மனநல ஆலோசகர், சிக் ரூமில் ஒரு செவிலியர் என்று ஆட்களும் உண்டு. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அந்த அளவுகோலில் எங்கள் நிலை மோசமில்லை. ஆகவே இங்கே நேர்ந்த தவறை ஆள் பற்றாக்குறையின் மீது போட முடியாது.

பாடங்களுக்கென்று தனியாக ஒரு துறைத்தலைவர் வரிசை இருந்தது. நலம் பற்றிய கூட்டம் செவ்வாய்க்கிழமை, பாட முன்னேற்றக் கூட்டம் வெள்ளிக்கிழமை. இரண்டிலும் உட்கார்ந்தவர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் மட்டும்தான். மொழிப் பாட ஆசிரியர்களில் தமிழாசிரியர் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்பட்டதில்லை. அது யாருடைய முடிவும் இல்லை. அப்படியே நடந்துவந்தது, யாரும் கேட்கவில்லை.

மாணவன் வந்த சூழல்

அவனுடைய குடும்பம் போடிநாயக்கனூர்ப் பக்கத்தது. தந்தை ஏலக்காய் வணிகர். சென்னையில் ஓர் அலுவலகம் திறந்தபோது மனைவியையும் மகனையும் பள்ளிக்கரணையில் குடியமர்த்திவிட்டு, மாதத்தில் பாதி நாட்கள் ஊருக்கும் ஏல மையத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தார். தாத்தாவும் அப்பத்தாவும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை மாணவன் படித்தது உள்ளூர் மெட்ரிக் பள்ளியில், மாநிலப் பாடத்திட்டத்தில். வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிற பிள்ளை. சேர்க்கைத் தேர்வில் கணக்கில் மிக நன்றாகச் செய்திருந்தான். ஆங்கிலத்தில் இலக்கணப் பகுதி சரியாக இருந்தது, கட்டுரைப் பகுதி தேறும்படி இருந்தது. அந்தக் கட்டுரை மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒன்று என்பதைப் பின்னால் அவனே சொன்னான்.

ஆங்கில வழிப் பள்ளியில் படித்தவன் என்றுதான் அவனுடைய விண்ணப்பத்தில் இருந்தது. அது உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ஆங்கில வழி என்றால் என்ன என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும்: புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் தமிழில் நடக்கும், விடை ஆங்கிலத்தில் மனப்பாடமாகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் அமைந்தால் அந்த முறையில் பிள்ளைக்குப் பொருள் ஆழமாகப் புரிந்துவிடும். அந்தப் பொருளை ஆங்கில வாக்கியமாகத் தானே கட்டும் பழக்கம் மட்டும் வந்திருக்காது. சேர்க்கையின்போது இதைக் கேட்டறிய எங்களிடம் ஒரு கேள்விகூட இல்லை. பயிற்றுமொழி எது என்று கேட்டோம், வகுப்பில் ஆசிரியர் எந்த மொழியில் பேசுவார் என்று கேட்கவில்லை.

அவன் வந்து சேர்ந்தது கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டத்தில். ஒன்பது, பத்து ஆகிய இரண்டு வகுப்புகளில் படித்துப் பத்தாம் வகுப்பின் முடிவில் எழுதும் தேர்வு அது. 1988இல் முதன்முதலாக நடத்தப்பட்டது. ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 130 மணி நேரக் கற்பித்தலை எதிர்பார்ப்பது. உயிரியலை எடுத்துக்கொண்டால், அறிவையும் புரிதலையும் சோதிப்பதற்குப் பாதி மதிப்பெண்தான். தகவலைக் கையாண்டு சிக்கலைத் தீர்ப்பதற்கு 30 விழுக்காடு, செய்முறைத் திறனுக்கு 20 விழுக்காடு. முக்கியமான எழுத்துத்தாளில் 75 நிமிடங்களில் 80 மதிப்பெண்ணுக்கு விடை எழுத வேண்டும். நினைவாற்றலை மட்டும் நம்பி வருகிற பிள்ளைக்கு இதில் பாதிப் பாதைக்கு மேல் வழி கிடையாது; அதுவும் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத வேகத்தில்.

முதல் நான்கு மாதங்கள்

ஆகஸ்டில் அவன் அமைதியானவன் என்று குறித்தேன். செப்டம்பரிலும் அதே சொல்லை எழுதியிருக்கிறேன். அக்டோபரில் ‘நன்றாகப் பழகிவருகிறான், கொஞ்சம் கூச்ச சுபாவம்’ என்று பெற்றோருக்குப் போகும் குறிப்பில் எழுதினேன். அந்தக் குறிப்பை இப்போது எடுத்துப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் யாருடனும் பழகவில்லை. மதிய உணவு இடைவேளையில் நூலகத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான். வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளையை ஆசிரியர்கள் நல்ல பிள்ளை என்றே பதிவு செய்கிறோம். சத்தம் போடுகிற பிள்ளைக்குத்தான் எங்கள் கவனம் உடனே கிடைக்கிறது.

மதிப்பெண் பதிவேட்டில் கணக்கு மட்டும் உயரத்தில் நின்றது. உயிரியலும் வேதியியலும் சரிந்தன. ஆங்கிலத்தில் அவன் கடைசி இடத்தில் இருந்தான். சிக் ரூம் பதிவேட்டில் அவன் பெயர் வாரத்துக்கு ஒரு முறையாவது இருந்தது. காரணம் எப்போதும் வயிற்று வலி, கொடுத்த சிகிச்சை வெந்நீரும் ஓய்வும். குடும்ப மருத்துவர் பார்த்துவிட்டு உடலில் கோளாறு எதுவும் இல்லை என்றார். பதற்றத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வயிறு உண்மையாகவே வலிக்கும். நடிப்பு என்று அதை ஒதுக்கக் கூடாது என்பது எங்கள் செவிலியருக்குத் தெரிந்திருந்தது. அவர் செங்கல்பட்டுக்காரர். தமிழ் வகுப்புக்கு வெளியே அவனுடன் தமிழில் பேசியவர் அந்த வளாகத்தில் அவரும் பேருந்தில் வரும் உதவியாளரும்தான். இருவரையும் அவன் அக்கா என்று அழைப்பான்.

ஆலோசகர் அவனை நான்கு முறை சந்தித்தார். வேறு மாநிலத்தைச் சேர்ந்தவர், தமிழ் அறியாதவர், தன் வேலையில் அக்கறை மிகுந்தவர். வகுப்பில் யாராவது துன்புறுத்துகிறார்களா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா, வீட்டில் பாதுகாப்புக் குறைவு உண்டா என்று கேட்க வேண்டியவற்றை முறையாகக் கேட்டு, ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அவன் ‘ஐ ஆம் ஃபைன்’ என்றே சொன்னான். மன அழுத்தம் குறையட்டும் என்று அவர் பரிந்துரைத்ததன்படி வகுப்பில் எழுந்து நின்று பேசும் பயிற்சிகளிலிருந்து அவனுக்கு விலக்குக் கொடுத்தோம். வீட்டுப் பாடங்களுக்குக் கெடு நீட்டித்தோம். நீட்டித்த கெடுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. எல்லோரும் பேசும் வகுப்பில் தான் மட்டும் பேச வேண்டாம் என்று விடப்பட்டதை, தன்னால் முடியாது என்று ஆசிரியர்களே முடிவு கட்டிவிட்டார்கள் என்பதாக அவன் எடுத்துக்கொண்டான்.

பாடத் தரப்பு இன்னொரு வழியில் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்த பிறகு ஆங்கிலத்துக்கும் உயிரியலுக்கும் ஆதரவு வகுப்பு. அந்த நாட்களில் முதல் பேருந்தை விட்டு இரண்டாம் பேருந்தில் போக வேண்டும். மெட்ரோ பணிகளால் சாலை குறுகிக் கிடந்த காலம் அது, வீடு சேர இருட்டிவிடும். காலையில் அவன் பேருந்து ஏறுவது 6.40 மணிக்கு. ஒவ்வொரு வீட்டுப் பாடத்தையும் முதலில் தமிழில் யோசித்து, பிறகு அகராதி வைத்து ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்ததால் அவன் தூங்கப் போக நள்ளிரவு ஆகிவிடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. 13 வயது முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பதை நலவாழ்வு வகுப்பில் அவனுக்கு நான்தான் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் செய்தோம். ஆங்கிலத்துக்கு இன்னும் நேரம் வேண்டும் என்று, வாரத்தில் இருந்த நான்கு தமிழ் வகுப்புகளில் இரண்டை எடுத்து அவனை ஆங்கில ஆதரவுக்கு அனுப்பினோம். அந்த ஒரு வகுப்பில்தான் அவன் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தான், மற்றப் பிள்ளைகள் அவனிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழாசிரியர் ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் போய், ‘இந்தப் பையனை என் வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள், அங்கேதான் அவன் தலை நிமிர்ந்து உட்காருகிறான்’ என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் பாடவேளைப் பட்டியல் பற்றிய ஒரு குறையாகப் பதிவாகி, அதற்குரிய கோப்பில் போய்ச் சேர்ந்தது. ஒரு பிள்ளையின் நிலையைப் பற்றி அந்த நான்கு மாதங்களில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சரியான வாக்கியம் அதுதான் என்று இன்று நினைக்கிறேன்.

நவம்பர் இறுதியில், வாசிப்பதில் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. முறையான மதிப்பீடும் சான்றும் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும். ஆகவே ஐயம் எழுந்தால் சோதிப்பதே சரி. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கவைத்துவிட்டு அந்த முடிவுக்கு வரப் பார்த்தோம். மதிப்பீட்டுக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நாள் குறிக்கப்பட்டிருந்தது.

புயல் வாரம்

மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டு 5ஆம் தேதி ஆந்திரக் கரையைக் கடந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி எங்கும் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, இணையம் இல்லை. வகுப்பாசிரியர்கள் தத்தம் பிள்ளைகளின் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி நிலைமையைக் கேட்டறிய வேண்டும் என்று பள்ளி சொன்னது. மூன்று நாட்கள் முயன்று 7ஆம் தேதி மாலைதான் அவன் வீட்டுக்கு இணைப்புக் கிடைத்தது.

அவன் தாய் எடுத்தார். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்க எனக்குத் தோன்றவில்லை. ‘எல்லாரும் நல்லா இருக்கீங்களாம்மா? வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சா? சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?’ என்று கேட்டேன். கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், தாங்கள் இரண்டாம் மாடி, கீழ் வீட்டாரும் தங்களுடன்தான் இருக்கிறார்கள், கேஸ் இருக்கிறது, கஞ்சி வைத்துச் சமாளிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பையனிடம் பேசுகிறீர்களா என்று கேட்டு அவனிடம் கொடுத்தார். அவனிடமும் தமிழிலேயே கேட்டேன்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, ‘மிஸ், நீங்க தமிழ்ல பேசுவீங்களா?’ என்றான்.

பள்ளியில் எல்லோரும் எங்களை மேம் என்று அழைப்பார்கள். அவனும் அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தான். மிஸ் என்பது அவனுடைய பழைய பள்ளியின் அழைப்பு. நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வளாகத்துக்குள் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற விதியை மாணவரிடம் மட்டுமல்லாமல் என்னிடமும் நான்கு மாதமாகத் தவறாமல் கடைப்பிடித்திருந்தேன். அன்று அவன் இருபது நிமிடங்களுக்கு மேல் பேசினான். மொட்டைமாடியிலிருந்து பார்த்த படகைப் பற்றி, கீழ் வீட்டுப் பாட்டியை மாடிக்குத் தூக்கி வந்ததைப் பற்றி, ஊரில் அப்பத்தா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு அழுததைப் பற்றி. முழுமையான, ஒழுங்கான, நகைச்சுவையும் கலந்த பேச்சு. அமைதியானவன் என்று நான் குறிப்பெழுதியது இந்தப் பிள்ளையைப் பற்றித்தானா என்று திகைத்துப்போனேன்.

பதிவேடுகளைச் சேர்த்துப் படித்தது

பள்ளி திறந்ததும் செவிலியரிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அவன் வந்த நாட்களைப் பாடவேளைப் பட்டியலின் மேல் குறித்தேன். ஏறத்தாழ எல்லா வருகைகளும் இரட்டைப் பாடவேளை ஆங்கிலம் உள்ள நாட்களிலும், உலகப் பிரச்சினைகளை ஆராயும் குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ் பாடத்தில் குழுவாகப் பேச வேண்டிய நாட்களிலும் விழுந்தன. கணக்கும் தமிழும் சேர்ந்து வரும் புதன்கிழமைகளில் அவன் ஒரு முறைகூடச் சிக் ரூம் பக்கம் போகவில்லை. எழுதி வைத்த தகவல் முழுவதும் ஆகஸ்டிலிருந்தே அங்கே இருந்தது. செவிலியரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் தானாகச் சொல்லும் நிலையில் அவரை நாங்கள் வைத்திருக்கவில்லை.

அடுத்ததாக, அவனுடைய உயிரியல் விடைத்தாளை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியர், தமிழாசிரியர், நான், அவன் ஆகிய நால்வரும் உட்கார்ந்தோம். உப்புக் கரைசலில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டு ஏன் சுருங்கியது என்ற கேள்விக்கு அவன் ஒரு வரி எழுதி அடித்திருந்தான். தமிழில் சொல்லச் சொன்னோம். ‘மாவடு மாதிரிதான் சார். அப்பத்தா உப்புப் போட்டு ஜாடியில வைக்கும். ரெண்டு நாள்ல தண்ணி விட்டுக்கும், வடு சுருங்கிப்போகும். வெளியில உப்பு அதிகம், உள்ள தண்ணி அதிகம். அதனால சவ்வு வழியா தண்ணி வெளிய வருது. சவ்வூடு பரவல்.’ உயிரியல் ஆசிரியர் கேரளத்தவர். தமிழ் ஓரளவு புரியும். அவர் எழுந்து கரும்பலகையில் அவன் சொன்னதையே ஆங்கிலத்தில் நான்கு வரியாக எழுதி, நீர் நகரும் போக்கைக் குறிக்கும் வாட்டர் பொட்டென்ஷியல் என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்து, ‘இது முழு மதிப்பெண்’ என்றார்.

இன்னொரு கேள்வி எங்கள் எல்லோருடைய கண்ணையும் திறந்தது. ஒரு செடி ஏன் வாடியது என்பதற்குக் காரணம் ஊகித்து எழுதும்படி ‘சஜஸ்ட்’ என்ற சொல்லில் தொடங்கிய கேள்வி. அவன் எழுதியிருந்தது: செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. அவனுடைய அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஆலோசனை கூறு என்று பொருள் போட்டிருந்தது. அவனும் செடியின் சொந்தக்காரருக்கு நல்ல ஆலோசனை கூறியிருந்தான். திருத்தியவர் தொடர்பற்ற விடை என்று பூஜ்யம் போட்டிருந்தார். கேம்பிரிட்ஜ் வினாத்தாள்களில் இத்தகைய கட்டளைச் சொற்களுக்குத் தனித்தனிப் பொருள் உண்டு: ஸ்டேட் என்றால் சுருக்கமாகச் சொன்னால் போதும், டிஸ்கிரைப் என்றால் இயல்புகளை விவரிக்க வேண்டும், காரணம் தேவையில்லை, எக்ஸ்பிளெயின் என்றால் ஏன், எப்படி என்பது வர வேண்டும், சஜஸ்ட் என்றால் படித்ததைப் புதிய சூழலுக்குப் பொருத்திப் பொருத்தமான ஒரு காரணத்தை முன்வைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து இந்தச் சொற்களோடு வளர்ந்தவர்கள். ஒன்பதில் நுழைந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனுக்குத் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவும் இல்லை.

வாசிப்புக் குறைபாடு பற்றிய ஐயத்தைத் தமிழாசிரியர் அங்கேயே எளிதாக்கினார். கையிலிருந்த வார இதழைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நிறுத்தற்குறி தவறாமல் ஒரு பக்கத்தை வாசித்துப் பொருளும் சொன்னான். ஒரு மொழியில் இத்தனை சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு இன்னொரு மொழியில் வரும் தடுமாற்றத்தைக் குறைபாடாகக் கருதுவதற்கு முன் பல முறை யோசிக்க வேண்டும். சிறப்புக் கல்வியாளரும் அதை ஏற்று மதிப்பீட்டைத் தள்ளிவைத்தார். கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சுக்கான இரண்டாம் மொழித் திறன் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடலாம், பாடம் படிப்பதற்கான திறன் வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்று காட்டியிருக்கிறார். கொரியாவிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைப் பொருத்திப் பார்க்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. போடியிலிருந்து வந்த பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று தோன்றாமல் போயிற்று.

எடுத்த முடிவுகளும் தடுமாற்றங்களும்

தமிழ் வகுப்புகள் இரண்டையும் உடனே திருப்பிக் கொடுத்தோம். மாலை ஆதரவு வகுப்பு நின்றது. அதற்குப் பதிலாக உயிரியல், வேதியியல் வகுப்புகளிலேயே, பாடம் தொடங்குமுன் அன்றைய பொருளைத் தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் அவனுக்கு ஏற்படுத்தப்பட்டது. கெடு நீட்டிப்பை நிறுத்தி, வீட்டுப் பாடத்தின் அளவைக் குறைத்தோம். குறைத்ததை அன்றன்றே முடிக்க வேண்டும் என்று சொன்னோம். இந்த மாற்றத்தை ஆலோசகரும் துறைத்தலைவரும் சேர்ந்து எழுதினார்கள். அவர்கள் இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரிய விவாதம் ஆங்கிலத் தேர்வைப் பற்றி எழுந்தது. எங்கள் பள்ளியில் எல்லோரும் ஆங்கிலத்தை முதன்மொழிப் பாடமாகவே எழுதுவார்கள்: தலா இரண்டு மணி நேரம் கொண்ட இரண்டு எழுத்துத்தாள்கள், பெரிய உரைப்பகுதிகள், கட்டுரை. வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் என்று அமைந்த இரண்டாம் மொழிப் பாடம் கேம்பிரிட்ஜிலேயே உண்டு. அதற்கு மாற்றலாம் என்றதும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் எப்படிப் பார்க்கும், பள்ளியின் மதிப்பு என்ன ஆகும் என்ற கேள்விகள் வந்தன. முதல் கேள்வி நியாயமானது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தேவைப்பட்டால் தனியாக ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்பது அதற்கான விடை. இரண்டாவது கேள்வியை ஒரு பிள்ளையின் கோப்பு திறந்திருக்கும் மேசையில் எழுப்பியிருக்கக் கூடாது என்று அன்றும் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். தந்தை முதலில் தயங்கினார். ‘இங்கிலீஷுக்காகத்தானே மேடம் இவ்வளவு கட்டணம் கட்டி இங்க சேர்த்தோம்’ என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மாற்றிய பிறகுதான் அவன் ஆங்கிலம் வளரும் என்பதை விளக்க மூன்று சந்திப்புகள் தேவைப்பட்டன.

தாயோடு நடந்த சந்திப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. பள்ளியின் செய்திகள் யாவும் செயலி வழியே ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தன. அவர் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், அவற்றைத் திறப்பதில்லை. பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு வந்தால் ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்லத் தெரியாமல் மகனுக்குத் தலைகுனிவாகிவிடும் என்று வராமலே இருந்தார். ஜனவரியில் தமிழில் பேசலாம் என்று சொல்லி அழைத்தபோது, மகன் நள்ளிரவு வரை அகராதியோடு உட்கார்ந்திருப்பதையும், ஞாயிற்றுக்கிழமை மாலையே சாப்பிட மறுத்துவிடுவதையும் சொன்னார். ஆலோசகர் நான்கு அமர்வுகளில் அறிய முடியாததை அவர் பத்து நிமிடங்களில் சொல்லிவிட்டார். தேவைப்பட்டால் தமிழிலேயே பேசக்கூடிய, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416 இருப்பதையும் அவருக்கு எழுதிக் கொடுத்தோம்.

வயிற்று வலி பிப்ரவரிக்குள் பெரும்பாலும் நின்றது. எல்லாமே சீரானதாகச் சொல்ல மாட்டேன். குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ் குழுத் திட்டத்தில் அவன் கடைசிவரை ஒட்டாமலே இருந்தான். அந்தப் பாடத்தை விடலாமா என்று கேட்டு, விட்டோம். பேச்சிலிருந்து கொடுத்த விலக்கை நீக்கியபோது அவன் முதல் முறை பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு மாணவன் சிரித்தான். அதற்கு மறுநாள் சிக் ரூம் பதிவேட்டில் மீண்டும் அவன் பெயர். பத்தாம் வகுப்பில், 2025 ஜனவரியின் மாதிரித் தேர்வுக்கு முந்தைய இரு வாரங்களும் அப்படித்தான் கழிந்தன. ஆனால் இந்த முறை அவனே என்னிடம் வந்து, ‘மிஸ், மறுபடி வலிக்குது’ என்று சொன்னான்.

அந்த ஆண்டு ஜூன் பருவத் தேர்வை எழுதினான். ஆகஸ்டில் முடிவு வந்தது: கணக்கில் மிக உயர்ந்த தரமான ஏ ஸ்டார், உயிரியலிலும் இரண்டாம் மொழி ஆங்கிலத்திலும் பி, வேதியியலில் சி. வேதியியல் அவனுக்கு ஏமாற்றம். எங்களுக்கும்தான், இழந்த நான்கு மாதங்களின் பாடப்பகுதிகளை அந்தப் பாடத்தில் மட்டும் நாங்கள் திரும்ப எடுக்கவே இல்லை என்பது விடைத்தாளை அலசியபோது தெரிந்தது. அவன் இப்போது அதே பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவல் படிக்கிறான்.

செவ்வாய்க் கூட்டமும் வெள்ளிக் கூட்டமும் இப்போது புதன்கிழமை நடக்கும் ஒரே கூட்டம். செவிலியர் அதில் உட்காருகிறார், தமிழாசிரியரும் உட்காருகிறார். சிக் ரூம் பதிவேட்டில், பிள்ளை எந்தப் பாடவேளையை விட்டு வந்தது என்பதற்கு ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில், முன்பு படித்த பள்ளியில் ஆசிரியர் எந்த மொழியில் விளக்குவார் என்ற கேள்வியும் உண்டு.

தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் செய்ய முடிந்தது, ஏனென்றால் தமிழ் பேசுவோர் அந்த வளாகம் முழுவதும் இருந்தோம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளை நம்பிச் சென்னைக்கு வந்திருக்கும் கொரியக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்களிடம் பலர் படிக்கிறார்கள். அவர்களில் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் கடந்த மாதத்தில் ஐந்து முறை சிக் ரூமுக்கு வந்திருக்கிறாள்; ஐந்தும் வரலாற்றுப் பாடவேளை. பணியாளர்களில் கொரிய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இன்னொரு கொரியத் தாயை மொழிபெயர்க்க அழைக்கலாம் என்றார் ஒருவர். அவ்வளவு சிறிய சமூகத்தில் ஒரு பிள்ளையின் கலக்கத்தை அண்டை வீட்டுக்காரர் காதால் கேட்கவைப்பது சரியா என்று ஆலோசகர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் விடை இல்லை. வெளியிலிருந்து தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைப்பது, அதுவரை அவளுடைய வரலாற்று விடைத்தாள்களைச் செவிலியரின் பதிவேட்டோடு சேர்த்து நானும் வரலாற்று ஆசிரியரும் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். வரும் புதன்கிழமைக் கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்போவது அதைத்தான்.